போடென்சே ஏரிக்கரையில் ஒரு நாள் சைக்கிள்: அவசரமில்லாதவர்களுக்கு

ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் கரையைப் பங்கு போட்டுக்கொண்ட ஏரி போடென்சே. அதை முழுக்கச் சுற்றிவரும் சைக்கிள் பாதை ஏறத்தாழ 260 கிலோமீட்டர். தெம்பு உள்ளவர்கள் மூன்று நான்கு நாளில் முடித்துவிடுகிறார்கள். நான் சொல்லப்போவது அதில் ஒரு சின்னத் துண்டைப் பற்றி: வடகரையில் யூபர்லிங்கன் தொடங்கி ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் வரை, சுமார் 35 கிலோமீட்டர். அதிலும் கடைசிப் பத்தை மிதிக்காமல் தப்பிப்பது எப்படி என்றும் சொல்கிறேன்.

நான் குடியிருப்பது உல்ம் நகரத்தில். இங்கிருந்து ஏரிக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கோடையில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், அது மாமனாராக இருந்தாலும் நாத்தனார் பிள்ளைகளாக இருந்தாலும், ஒரு நாள் இங்கே கூட்டிப் போய்விடுவேன். அவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொடாதவர்கள். அவர்களுக்கு ஒத்துவந்த முறைதான் இது. சாவகாசமாகப் போகிற நாளுக்குத்தான் முன்னேற்பாடு அதிகம் வேண்டும் என்பது என் கட்சி. எங்கே நிற்கலாம், எந்த ஊரில் 'போதும்' என்று சொல்லிக் கப்பல் ஏறலாம் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், நடுவில் யாரும் கடிகாரம் பார்க்க மாட்டார்கள்.

திசை

மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். இந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும். மதியத்துக்கு மேல் கால் ஓயும் நேரத்தில் அது முதுகைத் தள்ளிவிடும். ஜெர்மனியில் சாலையின் வலப்பக்கம்தான் போக வேண்டும். கிழக்கே போனால் ஏரியும் வலப்பக்கம். ஆக, படம் எடுக்கவோ காலை நனைக்கவோ ஒதுங்கும்போது எதிரே வருகிறவர்களைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. சாயங்கால வெயிலும் கண்ணில் குத்தாது.

மாதம் என்று கேட்டால், ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும். செப்டம்பரில் ஆப்பிளும் திராட்சையும் அறுவடை. ஜூலை, ஆகஸ்ட் ஏரியில் குளிக்க ஏற்ற மாதங்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், பாதை முழுக்கக் கூட்டம். செவ்வாய், புதன் போல ஒரு வேலைநாள் கிடைத்தால் விடாதீர்கள்.

வண்டியை எங்கே எடுப்பது

நாள் எந்த ஊரில் முடிகிறதோ அந்த ஊரில் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள். பலர் தொடங்கும் ஊரில் எடுத்துவிட்டு, கடை சாத்துவதற்குள் திரும்பிப் போய்ச் சேர வேண்டுமே என்று சாயங்காலம் முழுக்கப் பதறுவார்கள். காலையில் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் வண்டியை எடுத்து, அதோடு ரயில் ஏறி யூபர்லிங்கன் போய், அங்கிருந்து மிதித்துக்கொண்டே திரும்பி வந்தால் கடை நம் முன்னால் இருக்கும். சீசனில் முந்தின நாளே சொல்லி வைப்பது நல்லது, உயரத்தையும் சொல்லிவிடுங்கள். ஐந்தடி இரண்டங்குலக்காரருக்கு ஜெர்மானிய அளவுச் சைக்கிளைக் கொடுத்தால் கால் தரையில் எட்டாது.

ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன், யூபர்லிங்கன், ராடோல்ஃப்செல் ஊர்களை இணைக்கும் ரயில் பாதையில் இன்னும் டீசல் வண்டிதான். பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளம்; ஒரு ரயில் தாமதமானால் எதிர்ப்பக்க ரயிலும் காத்து நிற்கும். கதவருகே சைக்கிள் படம் ஒட்டிய பெட்டியில் மட்டும் ஏறுங்கள். அந்த இடத்தில் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முதல் உரிமை. இடமில்லை என்றால் அடுத்த ரயில். நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லாண்ட் டிக்கெட் வைத்திருந்தால் உங்கள் பயணத்துக்குப் போதும், உங்கள் சைக்கிளுக்குச் செல்லாது. சைக்கிள் கட்டண விதி மாநிலத்துக்கு மாநிலம், நேரத்துக்கு நேரம் மாறும் என்பதால் டிக்கெட் வாங்கும்போதே அதையும் சேர்த்துத் தேடுங்கள். யூபர்லிங்கனில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் உண்டு. 'யூபர்லிங்கன் தெர்ம' என்று எழுதியிருப்பதில் இறங்குங்கள். நகரத்தின் மேற்குக் கோடியில், வெந்நீர்க் குளியலகத்தை ஒட்டிய நிலையம் அது. ஏரி கூப்பிடு தூரம்.

புறப்படும் முன் பத்து நிமிடம்

இந்தப் பத்து நிமிடத்தைக் குறைக்காதீர்கள். கடைக்காரர் சாவியைக் கொடுத்ததும் ஏறி உட்காராமல், வண்டியை ஒரு சந்துக்குள் தள்ளிப் போய் இரண்டு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

முதலில் பிரேக். நமக்குப் பழகிய சைக்கிள்களில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்குப் போகும். இங்கே வழக்கமாக இடக்கை முன்சக்கரம், வலக்கை பின்சக்கரம். அவசரத்தில் பழைய ஞாபகத்தில் இடக்கையை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் சட்டென்று நின்று ஆள் முன்னால் போய் விழுவார். அதைவிடப் பெரிய வேடிக்கை காலில் இருக்கிறது. வாடகை வண்டிகள் பலவற்றில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரம் பிரேக் பிடிக்கும். நமக்கு இறக்கத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுழற்றிவிடும் பழக்கம் உண்டே, அது இங்கே ஆகாது. என் மாமனார் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை சைக்கிளில் போனவர். "எனக்கா சொல்லித் தரே?" என்று ஏறினார். சந்தின் முனையில் வண்டி குலுங்கி நின்றது. "மாமா, பின்னால மிதிக்காதீங்க" என்றேன். அடுத்த சுற்றிலேயே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மத்தியானம் பார்த்தால், கையை ஹாண்டில்பாரில் சும்மா வைத்துக்கொண்டு குதிகாலாலேயே வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். யாருக்காவது இது ஒத்துவரவே இல்லை என்றால், பெடல் பின்னால் தடையில்லாமல் சுழலும் வண்டியாகக் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும்.

கியர் இரண்டு வகை. பின்சக்கர நடுவில் தடித்த உருளைக்குள் அடங்கியது ஒன்று. அதை மிதிப்பதை நிறுத்திவிட்டு, நின்றபடியேகூட மாற்றலாம். பல்சக்கரங்கள் வெளியே அடுக்காகத் தெரிவது இன்னொன்று; அதை மிதித்துக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் மாற்ற வேண்டும். புதிதாகப் பழகுபவர்களுக்கு முதல் வகையை வாங்கிக் கொடுங்கள், சிக்னலில் தடுமாற மாட்டார்கள்.

சீட் உயரம்: குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பயந்த சுபாவக்காரர்களுக்கு அதிலிருந்து இரண்டு விரல் இறக்கி வையுங்கள். பெல் அடிக்கிறதா, விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். முன்விளக்கு, பின்விளக்கு, பெல், இரண்டு பிரேக் ஆகியவை சட்டப்படியே இருக்க வேண்டியவை. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், அல்லது பையில் போடுங்கள். ஹெல்மெட் கட்டாயம் கிடையாது. வாடகைக்குக் கிடைக்கிறது, நான் போட்டுக்கொள்வேன்.

மின்சார சைக்கிள் எடுக்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். 25 கிலோமீட்டர் வேகம் வரை மட்டும் மோட்டார் உதவும் வகை சட்டத்தில் சாதாரண சைக்கிள்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் எடுங்கள். மற்றவர்களுக்கு இந்தப் பாதையில் தேவையில்லை, பெரும்பாலும் சமதளம். வண்டி கனம் என்பதால் ரயிலில் ஏற்றும்போதுதான் முதுகு பேசும்.

சாலை விதி, சுருக்கமாக

வலப்பக்கம் போங்கள். நீல வட்டத்தில் வெள்ளைச் சைக்கிள் படம் இருந்தால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும், சாலையில் இறங்கக் கூடாது. நீல வட்டத்தில் ஆளும் குழந்தையும் மட்டும் இருந்தால் அது நடப்பவர்களுக்கு, இறங்கித் தள்ளுங்கள். சின்னத் தெருக்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் உங்களுக்கு வலப்பக்கமிருந்து வருபவருக்கே முதல் வழி, அவர் சந்திலிருந்து வந்தாலும். கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டினால் 55 யூரோ அபராதம், சிவப்பு விளக்கைத் தாண்டினால் குறைந்தது 60. டபுள்ஸ் கிடையாது, கேரியரில் பெரியவர்களை உட்கார வைக்க முடியாது. இருவர் இணையாகப் பேசிக்கொண்டே போகலாம், பின்னால் வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாதவரை. எட்டு வயது நிறையாத பிள்ளைகள் நடைபாதையிலோ, சாலையிலிருந்து பிரிந்த சைக்கிள் பாதையிலோதான் ஓட்ட வேண்டும். நடைபாதையில் துணைக்கு ஒரு பெரியவர் கூடவே போகலாம்.

திராட்சைத் தோட்டத்து ஊர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்: ரத்தத்தில் ஆல்கஹால் 1.6 புரோமில், அதாவது ஆயிரத்துக்கு 1.6 பங்கு, எட்டினால் சைக்கிள் ஓட்டுவது குற்ற வழக்கு. தடுமாறி ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ 0.3 லேயே சிக்கல். வைனைச் சாயங்காலம் வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வழி காட்டும் பலகைகள் வெள்ளையில் பச்சை எழுத்து, ஊர்ப் பெயரும் கிலோமீட்டரும் இருக்கும். அதைப் பார்த்துப் போனாலே போதும், வரைபடம் தேவைப்படுவது குறைவு.

வழியில்

யூபர்லிங்கனில் ஏரியோர நடைமேடை நீளமானது. அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அது ஒரு தொல்லையே இல்லை. இந்த ஊருக்குக் கொஞ்சம் மேற்கே ஸிப்லிங்கன் என்ற இடத்தில் ஏரிக்கடியில் 60 மீட்டர் ஆழத்திலிருந்து தண்ணீர் எடுத்து, ஷ்டுட்கார்ட் உட்பட சுமார் 40 லட்சம் பேருக்குக் குடிநீராக அனுப்புகிறார்கள். ஷ்டுட்கார்ட்டில் இருக்கும் நண்பர்கள் யாராவது வந்தால், உங்கள் வீட்டு ரசம் இந்த ஏரியில்தான் கொதிக்கிறது என்று சொல்வேன்.

காலை ஒன்பதரை, பத்துக்கு மிதிக்கத் தொடங்கினால் சரி. நுஸ்டோர்ஃப் தாண்டியதும் ரயில் தண்டவாளமும் பாதையும் ஏரியும் பக்கம் பக்கமாக ஓடும். அங்கிருந்தே மேட்டில் பிர்னாவ் தேவாலயத்தின் கோபுரம் தெரியும். சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டு, திராட்சைக் கொடிகளுக்கு நடுவே ஏறிப் போங்கள். மிதித்து ஏறலாம்தான், ஆனால் நாளின் முதல் மணி நேரத்தில் மூச்சிரைக்க வேண்டிய அவசியம் என்ன? 1746 இல் தொடங்கி 1750 இல் திறக்கப்பட்ட கோயில். கட்டியவர் பீட்டர் தும்ப். உள்ளே சிற்பங்கள் யோசஃப் அன்டோன் ஃபாய்ஷ்ட்மையருடையவை. வலப்பக்கத்துப் பலிபீடம் ஒன்றில் கொழுகொழுவென்று ஒரு குட்டித் தேவதை நிற்கும். ஒரு கையில் வைக்கோல் பின்னிய தேன்கூடு, மறுகை விரல் வாயில். தேன் நக்குகிறவன் என்றே அதற்குப் பெயர். தேனாகப் பேசியவர் என்று புகழ்பெற்ற புனித பெர்னார்டின் பலிபீடம் அது, அதனால்தான் தேன். கூட்டமாக வந்தவர்கள் நேராக அதைத் தேடிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். கொஞ்சம் உட்காருங்கள். பிறகு வெளியே வந்து வாசல் திண்ணையிலிருந்து பாருங்கள்: கீழே திராட்சைச் சரிவு, ஏரி, எதிரே மைனாவ் தீவு. காற்று துப்புரவாக இருக்கும் நாளில் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் 2502 மீட்டர் ஸெண்டிஸ் சிகரமும் தெரியும்.

அடுத்தது உன்டர்ஊல்டிங்கன். கற்காலத்திலும் வெண்கலக் காலத்திலும் ஏரிக்கரையில் தண்ணீரில் மரக்கால் நட்டு வீடு கட்டி வாழ்ந்தார்கள். அந்த வீடுகளை மறுபடி கட்டிக் காட்டும் திறந்தவெளி அருங்காட்சியகம் 1922 லிருந்து இங்கே இருக்கிறது. ஆல்ப்ஸைச் சுற்றி ஆறு நாடுகளில் இப்படிக் கிடைத்த குடியிருப்புத் தடங்கள் 111 ஐச் சேர்த்து 2011 இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். பிள்ளைகள் கூட இருந்தால் உள்ளே போங்கள். பெரியவர்கள் மட்டும் என்றால் கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம், எனக்கு அதுவே போதும் என்று படும்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது உட்கார்ந்த இடம் வலித்தால், உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஊல்டிங்கன்-மூல்ஹோஃபன் ரயில் நிலையம் இருக்கிறது. இதற்கப்புறம் ரயில் பாதை ஏரியை விட்டு விலகி உள்நாட்டுப் பக்கம் போய்விடும். மேர்ஸ்பூர்கிலும் ஹாக்னாவிலும் இம்மன்ஸ்டாடிலும் ரயில் கிடையாது. அங்கெல்லாம் தப்பிக்கும் வழி கப்பல்தான்.

மேர்ஸ்பூர்க் வரை பாதை ஏரியை ஒட்டியே போகும். ஊர் இரண்டு அடுக்கு: கீழே கரையோரக் கடைத்தெரு, மேலே பழைய கோட்டையும் அரண்மனையும். கீழூரில் மத்தியான வேளையில் ஆள் நடக்கவே இடமிருக்காது. வண்டியை ஊருக்கு முன்னாலேயே பூட்டிவிட்டு நடங்கள். மேலூர்ப் படிகளை ஏற மனமிருந்தால் ஏறலாம். நான் பெரும்பாலும் இந்த ஊரை வேகமாகத் தாண்டிவிடுவேன், ஏனென்றால் எனக்கு வேண்டியது அடுத்த ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது.

மேர்ஸ்பூர்கிலிருந்து ஹாக்னாவ் போகிற வழி. இடப்பக்கம் திராட்சை வரிசைகள் மேடேறிப் போகும், வலப்பக்கம் ஏரி. கார் இல்லை. இந்தத் துண்டில் யாரும் மணிக்கு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள், கூட்டிப்போகிறவர் கடைசியில் வாருங்கள்; முன்னால் போனால் தெரியாமலே வேகம் கூடிவிடும். கரையில் அங்கங்கே புல்திட்டும் பெஞ்சும் இருக்கும். தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் ரப்பர் செருப்பு கொண்டுவாருங்கள், மணல் கிடையாது, கூழாங்கல்தான். நடுக்கோடையில் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டியிருக்கும்; முதல் அடிக்குச் சிலிர்க்கும், அப்புறம் எழுந்து வர மனசு வராது. ஏரி ஓரிடத்தில் 251 மீட்டர் ஆழம் உள்ளது, கரையிலிருந்து சட்டென்று சரியும் இடங்களும் உண்டு. நீச்சல் தெரியாதவர்கள் முழங்கால் அளவோடு நிற்கட்டும், அல்லது ஆட்கள் கண்காணிக்கும் கட்டணக் குளியல் கரைக்குப் போகட்டும்.

ஹாக்னாவ் சின்ன ஊர். 1881 இல் ஊர்ப் பாதிரியார் ஹைன்ரிஷ் ஹான்ஸ்யாகோப் முன்னின்று திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தை இங்கே தொடங்கினார். பாடன் பகுதியிலேயே முதலாவது. ஆனால் இந்த ஊரைப் பற்றி எனக்குப் பிடித்த சங்கதி குளிர்காலத்தது. 1963 பிப்ரவரியில் ஏரி முழுக்க உறைந்துவிட்டது. அப்போது ஊரார் புனித யோவானின் மரச்சிலையைத் தூக்கிக்கொண்டு, பனிக்கட்டி மேலேயே ஊர்வலமாக எதிர்க்கரையில் சுவிட்சர்லாந்தின் முன்ஸ்டர்லிங்கனுக்கு நடந்து போனார்கள். ஏரி உறையும்போதெல்லாம் சிலை கரை மாறும் என்பது பல நூற்றாண்டு வழக்கம். அதற்கு முந்தைய முறை 1830. 1963 க்குப் பிறகு ஏரி முழுசாக உறையவில்லை, சிலை இன்னும் அக்கரையில் இருக்கிறது. படகுத்துறையில் நின்று அந்தத் தூரத்தைப் பாருங்கள், ஒரு சிலையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம்.

சாப்பாடு

முழு நேரச் சாப்பாட்டை ஹாக்னாவில் வைத்துக்கொள்ளுங்கள். உணவகங்களில் மதியச் சமையல் இரண்டு மணி வாக்கில் முடிந்துவிடும், ஒன்றரைக்குள் உட்கார்ந்துவிட வேண்டும். இந்த ஏரியின் பேர் போன மீன் ஃபெல்ஷன். அது குறைந்துபோனதால் 2024 ஜனவரியில் அதைப் பிடிக்க மூன்று ஆண்டுத் தடை போட்டார்கள். ஆகவே மெனுவில் ஃபெல்ஷன் என்று பார்த்தால், எங்கிருந்து வந்தது என்று தயங்காமல் கேளுங்கள், அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை.

சைவக்காரர்களுக்கு டின்னெலெ கிடைக்கும்: மெல்லிய மாவு, மேலே புளித்த பாலாடை, வெங்காயம். அதில் பன்றி இறைச்சித் துண்டும் போடுவார்கள், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலாடைக்கட்டி போட்ட நூடுல்ஸ் போன்ற கேஸ்ஷ்பெட்ஸ்லெவும் சரி, ஆனால் சாப்பிட்டுவிட்டு மிதிக்க முடியாது. உருளைக்கிழங்கு சாலட் மட்டும் கவனம். இந்தப் பக்கத்தில் அதைப் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றித்தான் பிசைவார்கள், பார்த்தால் தெரியாது.

நான் பாதி நாள் உணவகமே போகமாட்டேன். காலையில் பேக்கரியில் வெண்ணெய் தடவிய ப்ரெட்செல் என்ற முறுக்கிய ரொட்டி, வீட்டிலிருந்து எலுமிச்சைச் சாதம் ஒரு டப்பா, வழியில் பழம். பழம் வாங்குவதற்குச் சில்லறை வைத்திருங்கள். தோட்டத்து வாசலில் ஒரு மர அலமாரி, அதில் காகிதப் பையில் செர்ரியோ பிளம்ஸோ ஆப்பிளோ, விலை எழுதிய அட்டை, ஒரு உண்டியல். ஆள் இருக்காது. பழத்தை எடுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். ஐம்பது யூரோ நோட்டை வைத்துக்கொண்டு அந்த உண்டியல் முன்னால் நிற்பதில் பிரயோஜனமில்லை. மரத்திலிருந்து நீங்களே பறிப்பது திருட்டு, வேலியில்லை என்றாலும். ஆப்பிள் தோட்டங்களுக்கு மேலே கறுப்பாக வலை விரித்திருப்பதைப் பார்ப்பீர்கள், அது ஆலங்கட்டி மழைக்கு. அறுவடைக் காலத்தில் பெரிய மரப்பெட்டிகளை அடுக்கிய டிராக்டர்கள் இந்தக் குறுகிய பாதைகளிலேயே வரும். பாதை அவர்களுடையது, நாம் இறங்கி ஒதுங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும். பேக்கரி காலையில் சில மணி நேரம் திறப்பார்கள். தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்க ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்ஃபெல்ஷோர்ல நல்லது. பாட்டிலை எறியாதீர்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் கடையில் திரும்பக் கிடைக்கும். கழிப்பறைக்கும் சில்லறை வேண்டும்.

வானமும் விளக்கும்

கோடை மத்தியானங்களில் மேற்கே இருந்து இடி மழை சில நிமிடங்களில் வந்து இறங்கிவிடும். ஏரியைச் சுற்றிக் கரையில் கம்பங்களில் ஆரஞ்சு விளக்குகள் வைத்திருக்கிறார்கள், படகுக்காரர்களுக்காக. நிமிடத்துக்கு 40 முறை மினுக்கினால் பலத்த காற்று வரலாம் என்று அர்த்தம். 90 முறை மினுக்கினால் புயல் எச்சரிக்கை. சைக்கிளில் போகிற நமக்கும் அது கண்ணில் படும். மெதுவாக மினுக்கும்போதே மழைக்கோட்டை மேலே எடுத்து வையுங்கள், குளிக்கிறவர்களைக் கரையேற்றுங்கள். வேகமாக மினுக்கினால் மரத்தடியில் நிற்காமல் ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடுங்கள். பெரும்பாலும் முக்கால் மணி நேரத்தில் வெயில் அடிக்கும், பாதை ஈரமாக இருக்கும், இலைமேல் பிரேக் போடாதீர்கள்.

முடிப்பது

ஹாக்னாவிலிருந்து இம்மன்ஸ்டாட் நான்கைந்து கிலோமீட்டர், நல்ல வழி. அதற்கப்புறம் ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் வரை உள்ள பத்துக் கிலோமீட்டரில் பெரும் பகுதி பி 31 நெடுஞ்சாலையை ஒட்டியது. லாரிச் சத்தம், தொழிற்சாலை மதில்கள், ஏரி கண்ணில் படாது. அந்த வழியில் மன்செல் வருகிறது. 1900 ஜூலை 2 அன்று முதல் செப்பெலின் ஆகாயக் கப்பல் அந்தக் கரையோரம் ஏரிக்கு மேலேதான் பறந்தது. சரித்திரம் பெரிது, பாதை சலிப்பு. ஆகையால் இம்மன்ஸ்டாடில் படகுத்துறைக்குத் திரும்பிவிடுங்கள். வசந்தத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை கப்பல் ஓடும், சைக்கிளுக்குத் தனி டிக்கெட், இடம் இருந்தால் ஏற்றுவார்கள். நேர அட்டவணையைக் காலையிலேயே படம் எடுத்து வையுங்கள். நாளுக்குச் சில கப்பல்கள்தான். கால் மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள், ஏற்றும்போது வண்டியில் தொங்கும் பைகளைக் கழற்றிவிடுங்கள். கூட்டத்தால் ஏற்றவில்லை என்றால் மிதிப்பதைத் தவிர வழியில்லை. ஃபிஷ்பாஹ் வரை தாங்கினால் அங்கே ரயில் மறுபடி கிடைக்கும்.

கப்பலில் மேல்தளத்தில் உட்காருங்கள். அனேகமாக ஒரு செப்பெலின் தலைக்கு மேல் போகும். இப்போது சுற்றுலாவுக்குப் பறப்பவை 75 மீட்டர் நீளம், வருவதற்கு முன்னாலேயே இரைச்சல் கேட்கும். ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் துறையில் இறங்கியதும் எதிரே தெரியும் வெள்ளைக் கட்டடம் பழைய துறைமுக ரயில் நிலையம், 1996 லிருந்து செப்பெலின் அருங்காட்சியகம். அதற்கு இன்னொரு நாள் வாருங்கள். வாடகைக் கடைக்கு வண்டியைக் கொடுக்கும் முன் கேரியர் பையைத் துழாவிப் பாருங்கள். எங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவருடைய துண்டோ டிபன் டப்பாவோ அதில் கிடக்கும்.

சாயங்காலம் நேரம் தவறி மேர்ஸ்பூர்கிலேயே இருட்டிவிட்டது என்றாலும் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். மேர்ஸ்பூர்குக்கும் கொன்ஸ்டான்ஸுக்கும் நடுவே கார் ஏற்றும் ஃபெர்ரி இரவு முழுக்கவும் ஓடுகிறது, சைக்கிளையும் ஏற்றுவார்கள், கால் மணி நேரத்தில் அக்கரை. அங்கே இறங்கும் துறையிலிருந்து கொன்ஸ்டான்ஸ் ரயில் நிலையத்துக்கு இன்னும் நாலைந்து கிலோமீட்டர் ஊருக்குள் மிதிக்க வேண்டும், விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி எடுத்த கடைக்கு மட்டும் முன்கூட்டிப் போன் செய்து, நாளைக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு நாள் வாடகை கூடும்.